ஒரு விரல் உயரம்

காட்டூரணிப்பட்டியில் ஒருவருடைய உயரம் என்பது, மாடி பங்களாவின் மேல்மாடத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் அவர் எவ்வளவு தெரிகிறாரோ அவ்வளவுதான். தோட்டத்து வாசற்படியில் நிற்பவர்கள் சொந்த உயரத்தில் இருப்பார்கள். கடைவீதியில் முழங்கால் உயரம். கண்மாய்க்கு அந்தப் பக்கம், பார்வை போய் முடிகிற இடத்தில் இருக்கும் கடைசித் தெருவில் எல்லாரும் ஒரு விரல் உயரம்.

பங்களாவைக் கட்டிய ஜமீன்தார் முதலில் தோட்டத்தைத்தான் போட்டார். ரோஜாப் பாத்தி, குரோட்டன்ஸ் வேலி, தாமரைத் தொட்டி, இரண்டு வரிசை மகிழமரம். பிறகு அதைப் பார்க்க ஒரு மாடம், மாடத்தில் தேக்கு நாற்காலி. ஊர் அதற்கப்புறம் காட்சிக்குத் தோதாக அமைந்தது. யார் கிட்டே குடியிருப்பது, யார் எட்டக் குடியிருப்பது என்பதை அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். பேசியவர்கள் எல்லாரும் கிட்டே இருந்தவர்கள்.

காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டு ஆள் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்பது வருஷமாக மங்கையர்க்கரசி நாச்சியார் பார்க்கிறார். காய்ச்சலிலும் பார்த்திருக்கிறார், கணவர் இறந்த அன்றைக்கும் பார்த்திருக்கிறார். ராத்திரியில் யாரும் பார்ப்பதில்லை. அப்போது கடைசித் தெருவும் சொந்த உயரத்துக்கு வந்துவிடும். ஆனால் தூங்குகிறவனுக்கு உயரம் எதற்கு?

மனிதர்கள் மட்டும் சுருங்குவதில்லை. வீடு, ஆடு, அண்டா, கட்டியிருக்கிற துணி எல்லாம் சேர்ந்துதான் சுருங்கும். மலைத் திருப்பம் தாண்டி மதுரை பஸ் பார்வைக்குள் நுழையும்போது பஸ்ஸும் சுருங்கும். கண்டக்டர் திருப்பத்துக்கு முன்னாலேயே டிக்கெட் கிழித்து முடித்துவிடுவார். சின்ன டிக்கெட்டில் பேனா ஓடாது.

பொன்மலர் கடைசித் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண். மதுரையில் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாதம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பன்னிரண்டு வயதில், தோட்ட வேலைக்குக் கூலியாகப் போடுகிற நாலு படி அரிசி வீட்டுக்கு வரும்போது ஒரு சிட்டிகையாகிவிடுகிறதே, இது என்ன நியாயம் என்று பங்களா மேனேஜர் சங்கரபாண்டியனிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "அரிசி சுருங்குது சரி. உங்க வயிறும்தானே சுருங்குது? அப்புறம் எங்க நஷ்டம்?" என்றார். அன்றைக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. எட்டு வருஷம் கழித்து, விடுதிச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது பதில் வந்தது. கண்ணுக்குத் தெரிவதுதான் சுருங்கும். தெரியாதது எதுவும் சுருங்காது. குரல் சுருங்காது, காய்ச்சல் சுருங்காது. வயிறு சுருங்கும், பசி சுருங்காது. தட்டை அப்படியே வைத்துவிட்டு அதை நோட்டில் எழுதினாள். சொல்ல வேண்டிய ஆள் அறுபது மைலுக்கு அப்பால் இருந்தார்.

ஆடி மாதம் அய்யாத்துரை போன் பண்ணினார். பொன்மலருடைய அம்மாவின் தம்பி, பங்களாவில் தோட்டக்காரர். பகலெல்லாம் ரோஜாப் பாத்தியில் சொந்த உயரத்தில் நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கண்மாய்க்கரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி வீட்டுக்கு வருவார்.

"பாப்பா, அக்காவுக்கு விளிம்பு அழிஞ்சுக்கிட்டு வருது."

"எதுவரைக்கும் மாமா?"

"கை ரெண்டும் போச்சு. இப்ப மூஞ்சியில ஆரம்பிச்சிருக்கு. மாயழகு அண்ணன் மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

மாயழகு எதிர் வீட்டுக்காரர். மூன்று மாதத்துக்கு முன் களைப்பாக இருக்கிறதென்று சுவரில் சாய்ந்தார். அதற்குப் பிறகு எது சுவர், எது மாயழகு என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரி காலையில் சுவர்ப்பக்கமாகக் காபியை நீட்டுவாள், டம்ளர் காலியாகும். கடைசித் தெருவில் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முதல் புத்தி, சுவரோரம் உட்காராதே என்பது.

பொன்மலர் மறுநாளே பஸ் ஏறினாள்.

அம்மா பஞ்சவர்ணம் முற்றத்து நடுவில், எதிலும் படாமல், ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று கரைந்து உள்ளங்கை இரண்டும் அகப்பை மாதிரி இருந்தன. பாதம் எங்கே முடிந்து தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாததால் நடப்பதை விட்டிருந்தாள். மூக்கு இருந்த இடத்தில் லேசான ஒரு மேடு. கண்கள் ஈரத்துணியால் துடைத்த கோலம் போல. குரல் மட்டும் அப்படியே, அதே அதிகாரத்தோடு இருந்தது.

"பரீட்சைய விட்டுட்டு எதுக்குடி வந்த?"

"பரீட்சை இல்லம்மா, கட்டுரைதான்."

"எழுதிட்டியா?"

"எழுதணும்."

"அப்ப பரீட்சைய விட்டுட்டுத்தான் வந்திருக்க."

பொன்மலர் சோறு பிசைந்து ஊட்டினாள். வாய் எங்கே என்று விரலால் தடவித் தேட வேண்டியிருந்தது. அதை அம்மாவும் பேசவில்லை, மகளும் பேசவில்லை. இரண்டாவது கவளத்தில் அம்மா சொன்னாள், "உப்பு பத்தலை."

"என்கூட மதுரைக்கு வந்துடும்மா."

"வந்தா?"

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு பேருக்கும் தெரியும். மலைத் திருப்பத்தைத் தாண்டினால் அளவு திரும்பும். விளிம்பு திரும்பாது. அளவு தூரத்தைப் பொறுத்தது, விளிம்பு கண்ணைப் பொறுத்தது. கடைசியாக யார் எப்படிப் பார்த்தார்களோ அப்படியேதான் போன இடத்திலும் இருக்க வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போன இரண்டு பேர் ஆறடி உயரத்தில் விரலில்லாமல் இருக்கிறார்கள்.

காரணமும் எல்லாருக்கும் தெரியும். நாச்சியாருக்குக் கண்ணில் புரை விழுந்து மூன்று வருஷமாகிறது. ஆனால் மேல்மாடத்துக் கண்ணுக்குக் குறை சொல்லும் வழக்கம் காட்டூரணிப்பட்டியில் இல்லை. குறை இருந்தால் அது பார்க்கப்படுகிறவர்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். அதனால் போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது, வந்த டாக்டர்களைப் பங்களாவுக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. கடைசித் தெருவுக்கு அனுப்பிவைத்தார்கள். டாக்டர்கள் அறுபத்து மூன்று பேரையும் உட்காரவைத்துப் பார்த்து, எல்லாரும் மங்கலாக இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அறுபத்து மூன்று மூக்குக்கண்ணாடிகள் கொடுத்தார்கள். நாலு நாளில் கண்ணாடிகளும் மங்கிவிட்டன. இந்த வருஷம் இன்னும் தடித்த கண்ணாடி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது பொன்மலருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருக்கு வியாதி, யாருக்கு வைத்தியம்? சரி, எரிந்து என்ன ஆகப்போகிறது. இரண்டாம் நாள் காலையில் அவளுடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன. அம்மாவின் மூக்கு மேடும் தணிந்துபோயிருந்தது. இன்னும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குப் பிறகு அம்மா முக்காலியா, முற்றமா என்று கேட்கிற நிலை வரும்.

பொன்மலர் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு பங்களாவுக்குப் புறப்பட்டாள்.

கடைசித் தெருவிலிருந்து பங்களாவுக்கு நடப்பது எளிதில்லை. ஆரம்பத்தில் காலடிகள் சின்னவை. கண்மாய்க்கரை தாண்டவே முக்கால் மணி நேரம். கடைவீதியில் முழங்கால் உயரம் வந்ததும் வேகம் கூடும். தோட்டத்து வாசற்படி வந்தபோது அவள் ஐந்தடி மூன்றங்குலம். அய்யாத்துரை பாத்தியில் களைக்கொட்டோடு நிமிர்ந்து பார்த்தார்.

"மேலயா போற?"

"ஆமா மாமா."

"பின்னாலேயே நில்லு. முன்னால போயிடாத, என்ன?"

மேனேஜர் சங்கரபாண்டியன் படிக்கட்டுக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு ரோஜா இருந்தது. ஒவ்வொரு இதழும் கத்தியால் நறுக்கினது போல அவ்வளவு துலக்கம்.

"என்னம்மா, பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளை. அரிசிக் கேள்வியா இன்னும்?"

"அதுக்குப் பதில் கிடைச்சிடுச்சு சார். இது வேற. நாச்சியாரம்மாவுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணணும்."

"யார் சொன்னா? இந்தா, இந்தப் பூவைப் பாரு. எவ்வளவு சுத்தமா இருக்கு. தோட்டம் முழுக்க இப்படித்தான் இருக்கு. கண்ணுல குறை இருந்தா தோட்டம் இப்படி இருக்குமா?"

"தோட்டம் கிட்ட இருக்கு. நாங்க எட்ட இருக்கோம்."

"அது உங்க தெருவோட குறை. கண்ணோட குறையா?"

"எங்க தெருவ அங்க போட்டது யாரு சார்?"

"அது அந்தக் காலம்மா. அதுக்கு நானா பொறுப்பு?"

"அப்ப இந்தக் காலத்துக்கு யாரு பொறுப்புன்னு சொல்லுங்க, அவங்ககிட்டப் பேசிக்கறேன்."

அவர் யோசித்தார். இந்தக் காலத்துக்குப் பொறுப்பு யாரென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் படியேறிவிட்டாள். கடைசித் தெருவிலிருந்து ஒருவர் அந்தப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. இருபத்திரண்டு படி.

மேல்மாடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். காபி, மருந்து, சேதி எல்லாம் பின்னாலிருந்தே வரும். வாசற்படி தூரத்தில் சொந்த உயரம் என்றால், அதைவிடக் கிட்டே வந்தால் என்ன ஆகும் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும். முன்னொரு காலத்தில் புதிதாக வந்த சமையல்காரர் விஷயம் தெரியாமல் காபி டம்ளரோடு முன்னால் போய் நின்றிருக்கிறார். உத்தரத்தில் அவர் தலை மோதின விரிசல் இன்னும் இருக்கிறது.

நாச்சியாருடைய பின்தலை வெள்ளையாக, சிறியதாகத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் ஊர் பார்வையை விட்டுப்போகும்.

"யாரு?"

"பொன்மலர். கடைசித் தெரு."

"அங்கிருந்து யாரும் வர்றதில்லையே."

"நான் வந்திருக்கேன். உங்க கண்ணுல புரை விழுந்திருக்கு நாச்சியாரம்மா. எங்க தெருவே அழிஞ்சிட்டு இருக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நாச்சியாருடைய குரலில் கோபமில்லை, அசதிதான் இருந்தது.

"ஒரு நாள் நான் பாக்கலைன்னா நீங்கள்லாம் என்ன ஆவீங்க, அதை யோசிச்சியா ஆத்தா? நாப்பது வருஷமா உங்களைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். எம் மகன் கல்யாணத்துக்குக்கூட நான் போகலை."

பொன்மலர் தயாராகத்தான் வந்திருந்தாள். ஒரு எதிர்வாதத்துக்கு ஏழு பதில் வைத்திருந்தாள். ஆனால் மகன் கல்யாணம் அந்த ஏழிலும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பது திமிர் என்று நினைத்து வந்தவளுக்கு, அது கடமை என்று தெரிந்தபோது வாதம் எங்கே பிடிப்பது என்று புரியவில்லை. திமிரோடு மோதலாம். கடமையோடு எப்படி மோதுவது?

"ராத்திரியில நீங்க பாக்கறதில்லை. நாங்க இருக்கத்தானே செய்யறோம்?" என்றாள் கடைசியில்.

"இருந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கீழே மேனேஜர் படியேறி வரும் சத்தம் கேட்டது. நாச்சியார் மெதுவாகக் கேட்டார், "உங்க தெருவுல ஒரு மஞ்சப் புள்ளி உண்டு. காலையில குடத்தோட கண்மாய்க்குப் போகும், வரும். அது கொஞ்சம் விந்தி விந்தி நடக்கும். எனக்கு அதைப் பிடிக்கும். மூணு வருஷமாக் காணோம். எங்க போச்சு தெரியுமா?"

அம்மா ஒருநாளும் மஞ்சள் சேலை கட்டியதில்லை. விந்தி நடந்ததும் இல்லை. அது பொன்மலருக்கு நன்றாகத் தெரியும்.

"அது எங்கம்மா," என்றாள்.

"இருக்காளா?"

"இருக்காங்க. உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான். பாக்கணுமா?"

"கூட்டிட்டு வா."

"அவங்களுக்குக் கால் எங்க முடியுதுன்னு தெரியலை. நடக்க முடியாது. நீங்கதான் வரணும்."

"நாற்காலி நகரக் கூடாது."

"நாற்காலி நகரக் கூடாதா, இல்லை நீங்க பாக்கறது நிக்கக் கூடாதா? ரெண்டுல எது வழக்கம்?"

அந்த இரண்டும் ஒன்று என்றே நூற்று முப்பது வருஷமாக அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். பிரித்துக் கேட்டவர் இல்லை. நாச்சியார் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வாசலில் வந்து நின்றார். "இறங்கு கீழே," என்றார். பொன்மலர் இறங்கவில்லை. நாற்காலியைச் சுற்றி நடந்து முன்னால் போய் நின்றாள்.

அவள் வளர்ந்தாள். தோள் உத்தரத்தில் முட்டியது, குனிந்து மண்டியிட்டாள். அப்படியும் அவளுடைய முகம் ஒரு கதவு அளவுக்கு இருந்தது. நாச்சியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். புரை விழுந்த கண்தான். ஆனால் கதவளவு முகத்தை எந்தக் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியும்?

"உனக்குப் புருவத்துல தழும்பு இருக்கு," என்றார்.

பொன்மலர் இடது கையைப் பார்த்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிரிந்திருந்தன. இடையில் கோடு போட்டது போல வெளிச்சம் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஆபரேஷன்கூட அப்புறம் ஆகட்டும். கிட்டே வந்தால் போதும். இவ்வளவு நாளும் கிட்டே வந்திருந்தாலே போதும்.

"என் முகத்தையே பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க," என்று சொல்லி, நாற்காலியை நாச்சியாரோடு தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த அளவில் அது ஒரு பூக்கூடை கனம்தான். கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு காலைத் தாமரைத் தொட்டி ஓரத்தில் வைத்து இறங்கினாள். மேனேஜர் மேலேயிருந்து கத்தினார், "ரோஜா! ரோஜாவை மிதிக்காத!" அவள் மிதிக்கவில்லை. அய்யாத்துரை களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார்.

அந்தப் பத்து நிமிஷமும் ஊரை யாரும் பார்க்கவில்லை. கடைவீதியில் டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்தில் ஆரம்பித்த டீ முழு உயரத்தில் டம்ளருக்கு வந்தது. கண்மாய்க்கரையில் ஆடு மேய்ந்தது. கடைசித் தெரு பட்டப்பகலில் சொந்த உயரத்தில் நின்றது. கூரைகள் கூரை உயரத்தில், கதவுகள் கதவு உயரத்தில். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள், விளிம்பில்லாமல், ஆனால் நெட்டையாக. மாயழகு வீட்டுச் சுவரும் எழுந்து நின்றது.

பொன்மலர் நாற்காலியை முற்றத்தில் இறக்கி, அம்மாவுக்கு நேரே திருப்பினாள். பார்வையிலிருந்து விலகியதும் அவள் ஐந்தடி மூன்றங்குலமானாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

முக்காலியில் இருந்தபடியே பஞ்சவர்ணம் பெரிதானாள். வீட்டுக் கூரையைத் தாண்டினாள். கழுத்தை வளைத்து முகத்தை நாற்காலிக்கு நேரே இறக்கினாள். மங்கலான, பெரிய, வழவழப்பான முகம். நாச்சியார் அதன்மேல் பார்வையை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக முதலில் நெற்றிக் கோடுகள் வந்தன. இடது கண் வந்தது, இமை மயிரோடு. மூக்கு எழும்பியது, அதில் மூக்குத்தித் துளை. வாய் இன்னும் வரவில்லை.

"நீதானா அது?" என்றார் நாச்சியார். "மஞ்சச் சேலை எங்கே?"

பொன்மலர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லேன், ஒரே ஒரு வார்த்தை, வாய் வரும்வரைக்காவது. பல்கலைக்கழகத்தில் எத்தனையோ மேடையில் எதிராளியை மடக்கியிருக்கிறாள். பின்னால் நின்றுகொண்டு அம்மாவை மடக்க ஒரு வழியும் தெரியவில்லை.

"மஞ்சச் சேலை காளியம்மாளோடது," என்றாள் பஞ்சவர்ணம், வாயில்லாமல். "நாலாவது வீடு. கால் கொஞ்சம் விந்தும். செத்து மூணு வருஷம் ஆச்சு. நான் அவ இல்லை."

நாச்சியார் கண்களை மூடிக்கொண்டார்.

பஞ்சவர்ணம் சொந்த உயரத்துக்கு இறங்கினாள். பாதி முகம். நெற்றியும், ஒரு கண்ணும், மூக்கும், அதற்குக் கீழே வெறும் சமதரையும். மூடிய கண்களிலிருந்து நீர் இறங்கி நாச்சியாரின் ரவிக்கையில் விழுந்தது. நாற்பது வருஷத்தில் அவர் அழுததை யாரும் கண்டதில்லை. எல்லாரும் பின்னாலேயே நின்றிருந்தார்கள்.

"பொய் சொன்னது நான்," என்றாள் பொன்மலர் பின்னாலிருந்து. "எங்கம்மாவுக்கு அதுல பங்கில்லை. என்னைப் பாக்காதீங்க, சரி. அவங்களைப் பாருங்க."

"நீ சும்மா இரு பொன்னு," என்றாள் பஞ்சவர்ணம். பிறகு நாச்சியாரைப் பார்த்து, "காளியம்மாளுக்கு நாப்பது வயசுலதான் மஞ்சச் சேலைப் பித்துப் பிடிச்சுது. அதுக்கு முன்னாடி பச்சைதான் கட்டுவா. கண்மாய்க்கரையில நின்னு தெனமும் பங்களாவைப் பாத்து ஒரு கும்பிடு போடுவா. நான் திட்டுவேன், அங்க யாருடி உன்னப் பாக்குறான்னு," என்றாள்.

"நான் பாத்தேன்," என்றார் நாச்சியார், மூடிய கண்ணோடு. "ஆனா கும்பிட்டது தெரியலை."

"தெரியாது. அவ்வளவு தூரத்துல தெரியாது."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை தும்மியது. நாச்சியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நீ யாரு?"

"பஞ்சவர்ணம். மூணாவது வீடு."

"சரி. பஞ்சவர்ணம், கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு," என்று சொல்லிக் கண்களைத் திறந்தார்.

வாய் வந்தது. உதட்டோரத்தில் வெற்றிலைக் கறை, மோவாயில் மச்சம், காது இரண்டும், கைகளில் பத்து விரல், விரலில் நகம். எல்லாம் வந்த பிறகும் நாச்சியார் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று பஞ்சவர்ணம்தான் சொன்னாள். பிறகு தெரு வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக முன்னால் வந்து, பெரிதாகி, குனிந்து, பெயர் சொன்னார்கள். நாச்சியார் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பார்த்தார். மாயழகு மட்டும் வர முடியாததால் நாற்காலியைச் சுவருக்கு நேரே கொண்டுபோனார்கள். அரை மணி நேரத்தில் அவர் தனியாக வந்தார். தோளில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

பிற்பகலில் மேனேஜர் வந்து சேர்ந்தார், வியர்த்து, தூசியோடு. "நாற்காலியைத் திரும்பக் கொண்டாங்க," என்றார். "தோட்டத்தை யாரும் பாக்காம கிடக்கு. ஊர் என்ன ஆகும்?"

"ஊர் இங்கதான் நிக்குது சார். என்ன ஆச்சுன்னு கேட்டுப் பாருங்க," என்றாள் பொன்மலர்.

அவர் சுற்றிலும் பார்த்தார். கடைசித் தெரு ஆட்களை நிமிர்ந்து பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை, கழுத்தைத் தடவிக்கொண்டார். ஆனால் அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. நாச்சியாருக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. நாற்பது வருஷம் பார்த்த கண், எங்கேயாவது பார்த்தாக வேண்டும். பங்களாப் பக்கம் திருப்பினால் கடைவீதி சுருங்கும். தெருப் பக்கமே வைத்தால் சமைக்கப் போகிறவளும் குளிக்கப் போகிறவளும் கூரைக்கு மேல் வளர வேண்டியிருக்கும். பொன்மலர் இதை மூன்று விதமாக வாதித்துப் பார்த்தாள். மூன்றிலும் யாரோ ஒருவர் அளவு கெட்டது.

"அந்தப் பக்கம் திருப்பு," என்றாள் பஞ்சவர்ணம்.

தெருவுக்குப் பின்னால் பொட்டல். நாற்காலியின் பார்வை எட்டாத இடம் என்பதால் யாரும் அங்கே குடியிருந்ததில்லை, போனதும் இல்லை. என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அய்யாத்துரையும் மாயழகும் ஆளுக்கொரு கையாக நாற்காலியைத் தூக்கி, தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிவைத்தார்கள். பொன்மலர் பின்னால் நின்றாள். எல்லாரும் பின்னால் நின்றார்கள், அவரவர் உயரத்தில்.

நாச்சியார் வெகுநேரம் பார்த்தார்.

"தூரத்துல சாம்பல் நிறமா என்னமோ அசையுதே. என்ன அது?"

"எனக்கும் தெரியலையே," என்றாள் பஞ்சவர்ணம்.

"பெரிசா இருக்கு. வந்து வந்து போகுது." நாச்சியார் கண்ணைச் சுருக்கினார். "கடல் மாதிரி இருக்கு."

காட்டூரணிப்பட்டியிலிருந்து கடல் நூறு மைல். ஆனால் மேல்மாடத்துக் கண்ணுக்குக் குறை சொல்லும் வழக்கம் இல்லை.

மூன்று மணிக்கு உப்புக்காற்று வந்தது. அய்யாத்துரை வலை விசாரிக்கக் கடைவீதிக்குப் போனார். பொன்மலர் கட்டுரை நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் புளியை ஊறப்போட்டு, பத்து விரலாலும் கரைத்தாள். அவள் சக்கையைப் பிழிந்து எடுப்பதற்கும் முதல் படகு பொட்டலில் வந்து ஒதுங்குவதற்கும் சரியாக இருந்தது.